ஜாலான் அம்பாஸ் தந்த கலைஞர்: மர்ஹூம் பி. ரம்லி

சங்கத்தின் பொன்விழா மலரில் ஒரு சினிமா நடிகரைப் பற்றிய கட்டுரை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சினிமா என்றாலே முகம் சுளித்த பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட வீடுகளிலும் நோன்புப் பெருநாள் பிற்பகலில், விருந்தினர் வரவு சற்று ஓய்ந்த நேரத்தில், தொலைக்காட்சியில் பி. ரம்லி அவர்களின் கருப்பு வெள்ளைப் படம் ஓடும். பாட்டிமார் முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள். இந்த நாட்டில் அப்படி எல்லா இனத்தவரையும், எல்லா வயதினரையும் சேர்த்து உட்கார வைத்த கலைஞர் அவரைப் போல் இன்னொருவர் இல்லை.

இந்த மலரில் அவரை நாம் நினைவுகூர இரண்டு காரணங்கள் உண்டு. அவர் வளர்ந்த கலைக்கூடத்தில் நம் தாயகத்திலிருந்து வந்தவர்களின் உழைப்பும் கலந்திருந்தது என்பது ஒன்று. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. இத்தனை பேரைச் சிரிக்க வைத்தவர் தம் கடைசி ஆண்டுகளில் எப்படி வாழ்ந்தார் என்பது மற்றொன்று. 50 ஆண்டு கண்ட ஒரு சங்கம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பினாங்கின் பிள்ளை

பி. ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தெங்கு ஜக்கரியா. தந்தை தெங்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியிலுள்ள லோக்சுமாவேயிலிருந்து வந்து பினாங்கில் குடியேறிய கடலோடி. தாயார் சே மா ஹுசேன், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். ரம்லி என்பது பிறகு வந்து நிலைத்த பெயர். அதற்கு முன்னே நிற்கும் 'பி' என்ற எழுத்து தந்தையின் பெயரான பூத்தே என்பதன் முதலெழுத்து.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போடுவது நம் வழக்கம். மலாய்க்காரர்கள் 'பின்' என்று சேர்த்துத் தந்தை பெயரைப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கால மலாய்ப் படங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் எஸ். ரூமாய் நூர், எஸ். கதாரிஸ்மான், ஏ. ஆர். தொம்பேல், எஸ். சம்சுடின் என்று நம்மூர்க் கடைப் பலகை போலவே இருக்கும். இந்தியப் படங்களையும் இந்திய இயக்குநர்களையும் பார்த்துப் பழகிய ஒரு துறையின் அடையாளம் அது.

அன்றைய பினாங்கை நம் மூத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் ஆச்சே தெருப் பள்ளிவாசலும் நடந்து போகும் தொலைவில்தான் இருக்கின்றன. சூலியா தெருவில் நாகூர் தர்கா. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் மலாய்ப் பெண்களை மணந்து பெருகிய ஜாவி பெரனாக்கான் குடும்பங்கள். துறைமுகத்தில் வந்து இறங்கும் எல்லா நாட்டுப் பாட்டும் கூத்தும் அந்த ஊரில் கலந்தன. ஹார்மோனியமும் வயலினும் தபேலாவும் கித்தாரும் ஒரே மேடையில் ஒலித்தன. ரம்லியின் காது அந்த ஊரில் பழகிய காது. பிற்காலத்தில் அவர் இசையில் மலாய் ஜோகெட்டும் இந்தித் திரையிசையின் சாயலும் அரபு ஓசையும் மேற்கத்திய நடன இசையும் சண்டையில்லாமல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இந்த ஊர்தான்.

அவர் கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் படித்தார். ஜப்பான் காலத்தில் படிப்பு தடைப்பட்டது. ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சில காலம் இருந்தார். யுக்குலேலேயில் தொடங்கி கித்தார், வயலின், பியானோ என்று ஒவ்வொன்றாகக் கைவசப்படுத்திக்கொண்டார். போர் முடிந்ததும் வானொலிப் பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். 1947இல் வடபகுதியின் சிறந்த பாடகர் என்ற முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வயது 18.

பங்சாவானிலிருந்து படச்சுருள் வரை

அவர் வந்து சேர்ந்த மலாய்த் திரைப்படத்துறை எப்படிப் பிறந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து போயின. பாட்டும் நடனமும் பகட்டான உடையும் வரைந்த திரைச்சீலைகளும் கொண்ட அந்த நாடகங்கள் மக்களை மயக்கின. அவற்றைப் பின்பற்றி மலாய் மொழியில் உருவானதுதான் பங்சாவான் நாடகம். அதன் தொடக்கத்தைப் பேசும்போது பினாங்கின் மாமாக் புஷி என்பவரின் குழுவைத்தான் முதலில் சொல்வார்கள். 'மாமாக்' என்ற அடைமொழியே அந்தக் கலை எந்தத் தெருக்களில் பிறந்தது என்று காட்டிவிடுகிறது. ஆயிரத்தோர் இரவுக் கதைகளும், லைலா மஜ்னூனும், இந்தியக் கதைகளும், ஷேக்ஸ்பியர் கதைகளும் பங்சாவான் மேடையில் ஏறின.

1934இல் சிங்கப்பூரில் திரையிடப்பட்ட முதல் மலாய்ப் பேசும் படமும் லைலா மஜ்னூன் கதைதான். அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ். நடித்தவர்கள் பங்சாவான் மேடைக்காரர்கள். கதை அரபு நாட்டில் பிறந்தது, வசனம் மலாய், இயக்கம் இந்தியர். மலாய்ப் படம் பிறக்கும்போதே பல வீட்டுப் பிள்ளையாகத்தான் பிறந்தது.

போருக்குப் பிறகு ரன்மே ஷா, ரன் ரன் ஷா என்ற சகோதரர்கள் சிங்கப்பூரில் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் தங்கள் படப்பிடிப்புக் கூடத்தை மீண்டும் நடத்தினார்கள். 'மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ்' என்பது நிறுவனத்தின் பெயர். மலாயா முழுவதும் அவர்களிடம் கொட்டகைகள் இருந்தன. இந்திப் படத்துக்கும் தமிழ்ப் படத்துக்கும் எல்லா இனத்தவரும் கூட்டமாக வருவதை அவர்கள் கண்கூடாகக் கண்டிருந்தார்கள். அதே பாணியில், பாட்டும் கண்ணீரும் சிரிப்பும் கலந்து மலாய் மொழியில் படம் எடுத்தால் ஓடும் என்று கணக்குப் போட்டு, இந்தியாவிலிருந்து இயக்குநர்களை வரவழைத்தார்கள்.

அப்படி வேலை செய்தவர்களின் வரிசை நீளமானது. ராஜ்ஹான்ஸ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர் ஆகியோரோடு இன்னும் மூவரை நாம் தனியே அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1939இல் வெளிவந்த 'ரம்பையின் காதல்' படத்தை இயக்கிய பி. என். ராவ் இங்கே வந்து மலாய்ப் படங்களை இயக்கினார். கே. எல். சைகல் நடித்த 'ஸ்ட்ரீட் சிங்கர்' படத்தை எடுத்த வங்காளத்துப் பணி மஜும்தார் இங்கே வந்தார். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணனும் இந்தக் கூடத்தில்தான் இயக்குநரானார்.

பின்னணிக் குரலிலிருந்து கதாநாயகன்

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் இசைக்குழுவோடு பாடிக்கொண்டிருந்த இளைஞரைப் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கேட்டார். குரல் பிடித்துப்போனது. சிங்கப்பூருக்கு வரும்படி அழைத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ரம்லி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் தோன்றிய படம் 1948இல் வந்த 'சிந்தா'. அதில் அவருக்குத் துணை வேடம்தான். கதாநாயகன் ரூமாய் நூர் வாயசைக்க, பாட்டைப் பாடியவர் ரம்லி. முகத்தில் பரு வடுக்களோடு, ஒல்லியாக இருந்த அந்த இளைஞரைக் கதாநாயகனாக யாரும் நினைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் சின்னச் சின்ன வேடங்களும் பின்னணிப் பாட்டுமாகவே கழிந்தன.

1950இல் எல். கிருஷ்ணன் 'பக்தி' என்ற படத்தை எடுத்தார். நம் மொழியிலும் உள்ள சொல்தான். மலாயில் அதற்குத் தொண்டு, கடமை என்ற பொருளும் உண்டு. அந்தப் படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக நிறுத்தினார் கிருஷ்ணன். அவர் பாட்டை அவரே தம் குரலில் பாடவும் வைத்தார். ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடும் வழக்கத்தை மாற்றி, பாடுகிறவரும் நடிக்கிறவரும் ஒருவரே என்று திரையில் காட்டியதும் மக்கள் அவரைத் தங்களவராக ஏற்றுக்கொண்டார்கள். பினாங்கில் வளர்ந்த ஒரு தமிழர், பினாங்கில் பிறந்த ஒரு மலாய் இளைஞரின் முகத்தில் யாரும் காணாததைக் கண்டார். இந்த நாட்டின் திரைப்பட வரலாற்றில் அது மறக்கக்கூடாத நிகழ்ச்சி.

ரம்லி பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர் அல்லர். ஆகவே மேடைக்காரர்களைப் போலக் கையை வீசி, குரலை உயர்த்திப் பேசும் பழக்கம் அவரிடம் இல்லை. கம்பத்தில் ஒருவர் பேசுவது போலவே திரையிலும் பேசினார். படம் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருந்தது.

கேமராவுக்குப் பின்னால்

இந்திய இயக்குநர்களின் பணியை நாம் பெருமையாகச் சொல்லும் அதே நேரத்தில் ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. அவர்களில் பலருக்கு மலாய் மொழி சரளமாக வராது. அவர்கள் சொல்வதை ஜமில் சூலோங் போன்ற உதவி இயக்குநர்கள் மலாயில் மாற்றிக் கொடுத்தார்கள். படத்தில் வீடு மலாய் வீடாக இருக்கும், அதற்குள் நடப்பது இந்தியக் குடும்பக் கதையாக இருக்கும். மலாய்ப் பத்திரிகைகளில் இதைப் பற்றிய குறை எழுந்தது. எங்கள் வாழ்க்கை எங்கே என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. 1952இல் ஹாஜி மஹாடி என்ற மலாய்க்காரருக்கு ஒரு படம் இயக்கும் வாய்ப்பு கொடுக்கப்பட்டது. படம் ஓடவில்லை. முதலாளிகள் மறுபடியும் தயங்கினார்கள்.

ரம்லி காத்திருந்தார். சும்மா காத்திருக்கவில்லை. ஒவ்வொரு இயக்குநரிடமும் நடித்துக்கொண்டே கேமராவை எங்கே வைக்கிறார்கள், பாட்டை எந்த இடத்தில் தொடங்குகிறார்கள், அழுகைக்கு எத்தனை நேரம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக் கற்றார். 1955இல் வாய்ப்பு வந்தது. 'பெனாரிக் பேச்சா' என்ற படத்தை அவரே இயக்கி, அவரே நடித்தார்.

பேச்சா மிதித்துப் பிழைக்கும் அம்ரான் என்ற ஏழையின் கதை அது. தாயோடு குடிசையில் வாழ்பவன். பணக்காரர் மர்சுக்கியின் மகள் அசிசாவை முரடர்களிடமிருந்து காப்பாற்றுகிறான். ஏழையைக் கண்டால் ஏசும் அந்தப் பணக்காரர், தம் பணத்துக்காகவே சுற்றிவந்த கஸாலியை நம்பி ஏமாந்த பிறகுதான் மனிதரை அடையாளம் காண்கிறார். கதை எளியது. ஆனால் அந்தக் குடிசையும், வியர்வையும், தாய் மகனிடம் பேசும் பேச்சும் உண்மையாக இருந்தன. மக்கள் தங்களையே திரையில் பார்த்தார்கள். அந்தப் படத்தில் வரும் 'அசிசா' பாட்டை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கேட்கிறோம்.

குருமார்களிடம் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு தம் வீட்டுக் கதையைச் சொன்னார் ரம்லி. அதற்காகக் குருமார்களை அவர் விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டே பணி மஜும்தாரின் இயக்கத்தில் 'ஹங் துவா' என்ற வண்ணப்படத்தில் மலாக்கா வீரராக நடித்தார். அதற்கு அவரே அமைத்த இசை, 1956இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த இசைக்கான பரிசைப் பெற்றது. அதே மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி'யில் தந்தை ஹசானாகவும் மகன் சசாலியாகவும் இரு வேடம் ஏற்றார். ஒரே மகன் என்று செல்லம் கொடுத்து, அவன் செய்த தவறுகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்ட தகப்பன், கடைசியில் குற்றவாளியாகிவிட்ட மகனைத் தன் கையாலேயே போலீசிடம் ஒப்படைக்க வேண்டி வருகிறது. பிள்ளை வளர்க்கும் எவரும் அந்தக் காட்சியை எளிதில் மறக்க முடியாது. 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

சிரிப்பும் அதற்குள் இருந்த கசப்பும்

1957இல் 'பூஜாங் லாப்போக்' வந்தது. வயது ஏறியும் கல்யாணமாகாத மூன்று நண்பர்கள், கையில் காசில்லாமல் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ரம்லி, அஜிஸ் சத்தார், எஸ். சம்சுடின் ஆகிய மூவரும் அந்த வேடங்களில் நடித்தார்கள். போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் வீட்டுக்கும் வேலைக்கும் அலைந்த எல்லா இளைஞர்களின் கதையும் அதுதான். நம்மவர்களில் எத்தனை பேர் ஊரிலிருந்து வந்து, கடை மாடியில் பாய் விரித்து, நாலைந்து பேராக ஓர் அறையில் வாழ்ந்தார்கள்! அந்தப் படத்தைப் பார்த்து அவர்கள் சிரித்ததற்கு மொழி தடையாக இருக்கவில்லை.

அந்த மூவர் கூட்டணி மேலும் பல படங்களில் தொடர்ந்தது. 1961இல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்'கில் மூவரும் நடிகராக வேண்டும் என்று ஜாலான் அம்பாஸ் கூடத்துக்கே போகிறார்கள். வாசலில் சீக்கியக் காவலாளி நிறுத்துகிறார். உள்ளே போனால் ஒரே குழப்பம். தாம் வேலை செய்யும் இடத்தையே கேலி செய்து, அந்த இடத்திலேயே படமெடுக்கும் துணிவும் அன்பும் ரம்லிக்கு இருந்தன. இன்று ஜாலான் அம்பாஸ் கூடம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறார்கள். 1959இல் அவர் எடுத்த 'நூஜும் பா பெலாலாங்', சோம்பேறி ஒருவர் தற்செயலாக அரண்மனைச் சோதிடராகிவிடும் கதை. ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது.

சிரிப்புப் படங்களோடு அவர் எடுத்த சோகப் படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960இல் வந்த 'அந்தாரா டுவா டார்ஜாட்' அரச குலத்துப் பெண்ணுக்கும் ஏழை இசைக்காரனுக்கும் இடையில் நிற்கும் சுவரைப் பற்றியது. 1962இல் வந்த 'இபு மெர்துவாக்கு'வில் காசிம் சலாமத் என்ற சாக்சஃபோன் கலைஞனைச் செல்வச் சீமாட்டியான மாமியார் வெறுக்கிறாள். அவன் கெட்டவன் என்பதற்காக வெறுக்கவில்லை. அவன் தொழில் இசை என்பதற்காகவே வெறுக்கிறாள். மகள் பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்று பொய் சொல்லி இருவரையும் பிரிக்கிறாள். காசிம் அழுது அழுதே பார்வை இழக்கிறான். பின்னர் சிகிச்சையால் பார்வை திரும்பி, உண்மை தெரிந்தபோது, அந்தக் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

இந்தப் படத்துக்காக 1963இல் தோக்கியோ விழாவில் பன்முகத் திறன் கொண்ட கலைஞர் என்ற சிறப்பு ரம்லிக்குக் கிடைத்தது. பரிசைவிடப் பெரியது அந்தப் படம் கேட்ட கேள்வி. பாட்டை ரசிப்போம், பாடுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்ற மனம் மலாய்ச் சமூகத்தில் மட்டும் இருந்ததா? நம் வீடுகளில் இல்லையா? கச்சேரிக்கு முன்வரிசையில் உட்கார்ந்த நாம், நம் பிள்ளை கித்தார் எடுத்தால் என்ன சொன்னோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

கூடத்தின் வாழ்க்கை

ஜாலான் அம்பாஸில் வேலை செய்த கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். அருகில் பூன் டெக் சாலைப் பகுதியில் நிறுவனமே குடியிருப்பு கொடுத்தது. ஒரே வளாகத்தில் மலாய்க்காரர், இந்தியர், சீனர் எல்லோரும் வேலை பார்த்தார்கள். ஆனால் படம் எத்தனை ஆண்டுகள் ஓடினாலும் உரிமை முழுவதும் நிறுவனத்துக்குத்தான். நடித்தவருக்கும் பாட்டமைத்தவருக்கும் அந்தச் சம்பளத்தோடு சரி.

அதனால் கலைஞர்கள் 'பெர்சாமா' என்ற பெயரில் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1957இல் சிலரை நிறுவனம் வேலை நீக்கம் செய்தபோது அந்தச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. திரையில் அரசராகவும் வீரராகவும் வந்தவர்கள் வாசலில் தொழிலாளிகளாக நின்றார்கள். தனியாக நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள், சேர்ந்து நின்றால் கேட்பார்கள் என்பதை அந்தக் கலைஞர்களும் அறிந்திருந்தார்கள். சங்கம் அமைத்து வளர்ந்த நமக்கு அது புரியும்.

கோலாலம்பூர் ஆண்டுகள்

1960களில் காலம் மாறியது. 1963இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு தொடங்கிய இந்தோனேசிய மோதலால் அந்தப் பெரிய சந்தை மலாய்ப் படங்களுக்கு மூடப்பட்டது. ஜாலான் அம்பாஸில் வேலை குறைந்தது. 1967இல் அந்தக் கூடமே மூடப்பட்டது.

ரம்லி 1964இலேயே கோலாலம்பூருக்கு வந்து உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே எடுத்த முதல் படம் 'சித்தோரா ஹரிமாவ் ஜாடியான்'. தலைநகரில் புதிய தொடக்கம் என்று நம்பி வந்தவருக்கு அங்கே பழைய வசதிகள் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் அவரோடு வளர்ந்த தொழில்நுட்பக்காரர்கள் பலர் உடன் இல்லை. உலகம் வண்ணப் படத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது அவர் கருப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். இளைஞர்கள் மின்கித்தார் இசைக்குழுக்களின் பின்னால் போனார்கள். ரம்லியின் பாட்டு பழசு, படம் பழசு என்று சொல்லப்பட்டது. கொண்டாடிய பத்திரிகைகளே குறை எழுதின.

1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படம். கடைசிக் காலத்தில் 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்', அதாவது கோலாலம்பூரில் கண்ணீர் என்ற பெயரில் ஒரு கதையும் பாட்டும் வைத்திருந்தார். பாட்டு நிலைத்தது, படம் எடுக்கப்படவில்லை. கையில் பணமும் இல்லை. 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். வயது 44. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமான சலோமா 1983இல் காலமாகி அதே மையவாடியில் அடங்கினார். இறைவன் இருவரின் மண்ணறையையும் விசாலமாக்குவானாக.

66 படங்களில் நடித்தவர். 30க்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர். சுமார் 250 பாடல்களுக்குச் சொந்தக்காரர். இத்தனையும் 25 ஆண்டுக்குள்.

பிறகு வந்த பெருமைகள்

அவர் போன பிறகு பெருமைகள் வரிசையாக வந்தன. 1982இல் கோலாலம்பூரின் பாரி சாலைக்கு ஜாலான் பி. ரம்லி என்று பெயர் வைத்தார்கள். 1986இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமானது. 1990இல் டான்ஸ்ரீ பட்டம் அறிவிக்கப்பட்டது. பினாங்கில் அவர் பிறந்த வீடும் பாதுகாக்கப்படுகிறது, அந்தச் சாலைக்கும் அவர் பெயர்தான். உயிரோடு இருந்தபோது 1962இல் ஏ. எம். என். விருது ஒன்றை நாடு அவருக்கு அளித்திருந்தது. மற்றதெல்லாம் அவர் கண்ணால் காணாதவை.

இதற்கு யாரையும் குறை சொல்வதில் பயனில்லை. மனிதர் இருக்கும்போது அவர் நமக்குப் பழகிப்போகிறார். நாளைக்கும் இருப்பார் என்று நினைக்கிறோம். அவர் போன பிறகு சாலைக்குப் பெயர் வைப்பது எளிது. அவர் இருக்கும்போது வீட்டுக்குப் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதுதான் கடினம்.

அவருக்குப் பாதை திறந்துவிட்ட இந்திய இயக்குநர்களின் நிலை இன்னும் மோசம். பி. ரம்லி என்ற பெயர் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு எல். கிருஷ்ணன் யார், பி. என். ராவ் யார் என்று தெரியாது. அந்தப் படங்களில் ஒளிப்பதிவு செய்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள், இசைக்குழுவில் தபேலா வாசித்தவர்கள், ஊர் ஊராகப் படப்பெட்டி கொண்டு போனவர்கள், கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் உழைப்பு திரையில் இருக்கிறது, பெயர் எங்கும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

இந்த மலர் நம் சங்கத்தின் 50 ஆண்டுகளைப் பதிவு செய்கிறது. தலைவர்கள், செயலாளர்கள், புரவலர்கள் பெயரெல்லாம் கூட்டக் குறிப்பேடுகளில் இருக்கும். விழாக்களில் மேடை கட்டியவர்கள், மீலாது மேடையில் பாடியவர்கள், நாடகத்தில் வேடம் போட்டவர்கள், சிறுபிள்ளைகளுக்குப் பாட்டும் பேச்சும் பழக்கியவர்கள் பெயரைக் குறிப்பேட்டில் தேடினால் கிடைப்பது அரிது. அவற்றை அறிந்தவர்கள் நம் வீட்டு முதியவர்கள்தான்.

ஆகவே எல்லாக் குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் பங்சாவான், போரியா, நாடகம், இசைக்குழு, சினிமாக் கொட்டகை ஆகியவற்றோடு தொடர்புடையவர்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். சொல்வதை ஊர், ஆண்டு, பெயரோடு எழுதி வையுங்கள். பழைய படங்களும் இசைத்தட்டுகளும் துண்டு அறிக்கைகளும் அலமாரியில் கிடந்தால் எறிந்துவிடாமல் சங்கத்திடம் காட்டுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். அப்படிச் சேர்வதை வைத்து அடுத்த தலைமுறைக்கு ஒரு நூல் செய்ய முடியும்.

அந்தப் பெரியவர்களை அடுத்த விழாவுக்கு அழைத்து வாருங்கள். முன்வரிசையில் இடம் வைத்திருப்போம்.